மேஜைக்கு அந்தப் பக்கம்

சத்யஜித் ராயின் ‘பிரதித்வந்தி’ (1970) படத்தில் வரும் முதல் இன்டர்வியூவை எல்லோரும் சித்தார்த்தாவின் பக்கம் நின்றுதான் பார்க்கிறோம். காலேஜ் படிக்கும்போது நானும் அப்படித்தான் பார்த்தேன். பத்தாண்டுகளின் மிக முக்கியமான நிகழ்வு எது என்று கேட்கிறார்கள். வியட்நாம் போர் என்கிறான். நிலவில் மனிதன் இறங்கியதைவிடவா? ஆமாம், நிலவுப் பயணம் எதிர்பார்க்கக்கூடியதுதான், சாதாரண வியட்நாம் மக்களின் துணிச்சலை யாரும் எதிர்பார்க்கவில்லை என்கிறான். உடனே நீ கம்யூனிஸ்டா என்ற கேள்வி வருகிறது. வேலை போச்சு.

சமீபத்தில் மறுபடி பார்த்தபோது என் கண் கேள்வி கேட்டவர்கள் மேலேயே இருந்தது. இப்போது நானும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிற ஆள்.

அவர்களுடைய முதல் கேள்வியில் தப்பே கிடையாது. ஆனால் எது நல்ல பதில் என்று முன்கூட்டி முடிவு செய்யாமல் கேட்கிறார்கள். அந்த வெற்றிடத்தில் அவரவர் பிடித்தமும் பயமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்றைக்கு இதற்கு ‘கல்ச்சர் ஃபிட்’ என்று பெயர்.

இரண்டாவது இன்டர்வியூவில் ராய் இன்னும் ஆழமாகப் போகிறார். வெக்கையில், போதிய நாற்காலி இல்லாத வராந்தாவில் பட்டதாரிகள் காத்திருக்கிறார்கள். ஒருவன் மயங்கி விழுகிறான். கடைசியில் சித்தார்த்தா உள்ளே புகுந்து மேஜையைப் புரட்டுகிறான். முதல் கேள்விக்கு முன்னாடியே தேர்வு தொடங்கிவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

என் குறை ஒன்றுதான். சித்தார்த்தா படித்த குடும்பத்துப் பையன், சரளமான ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவன். அந்த வராந்தா வரைக்கும்கூட வர முடியாதவர்களைப் படம் தேடுவதில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அவர்களைத் தேடியது. தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயர்களைவிடத் தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைந்தது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் ஹெச்.ஆர். மேலாளர்களிடம் பேசினார்கள். திறமை மட்டும்தான் முக்கியம் என்றவர்களே குடும்பப் பின்னணியையும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். “அப்பா என்ன பண்றார்?” என்று என்னையும் கேட்டிருக்கிறார்கள், நலம் விசாரிக்கிற குரலில்.

நான் அப்படிக் கேட்டதில்லை. ஆனால் ஒரு பையனின் படிவத்தில் ‘கம்யூனிகேஷன் வீக்’ என்று எழுதினேன். அவன் எழுதிய கோடு சரியாக ஓடியது. ஏன் அப்படி எழுதினான் என்பதைத் திக்கித் திக்கி ஆங்கிலத்தில் விளக்கினான், எனக்கு முழுசாகப் புரிந்தது. புரிந்துவிட்டதென்றால் அதில் எது வீக்? அறையில் இருந்த மூன்று பேருக்கும் தமிழ் தெரியும். “தமிழ்லயே சொல்லுப்பா” என்று ஒருவரும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் எதற்கு எவ்வளவு மார்க் என்று எழுதி வைத்துவிட்டுத்தான் அறைக்குள் போகிறேன். அவனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவன் மேஜையைப் புரட்டவில்லை. “தேங்க்ஸ் சார்” என்று சொல்லி, நாற்காலியைச் சத்தம் வராமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனான்.