பிளாச்சிமடாவும் பிறக்காத தீர்ப்பாயமும்

மனித உரிமை ஆணையத்தை நீதிமன்றம் என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சரியன்று. 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆணையம் சாட்சிகளை அழைக்கலாம், ஆவணங்களை வரவழைக்கலாம். விசாரணை முடிந்தபின் பரிந்துரை செய்யலாம், அவ்வளவுதான். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் விசாரிக்கவே முடியாது. அதன் பார்வையும் அரசு ஊழியரின் மீறல், அலட்சியம் ஆகியவற்றின் மேல்தான். தனியார் கம்பெனியை நேராகப் பிடிக்க வழியில்லை.

இந்தக் குறையின் கனம் நல்லேப்பிள்ளி, பெருமாட்டி முதலான சித்தூர் தாலுக்கா ஊர்களுக்கு நன்கு தெரியும். 2000இல் பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடாவில் கொக்கோ கோலா ஆலை வந்தது. கிணற்றுத் தண்ணி வாயில் வைக்க முடியாதபடி கெட்டது. 2002 ஏப்ரல் 22இல் போராட்டம் தொடங்கியது. இரவாளர் பழங்குடிப் பெண் மயிலம்மா அதன் முகமானார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஆலை நின்னா போதுமா, கெட்டதுக்கு யார் பதில் சொல்வது?

2010இல் கேரள அரசின் உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. அந்தக் கணக்கைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். விவசாய இழப்பு 84.16 கோடி; உடல்நலக் கேட்டுக்கு 30 கோடி, கூலி இழப்புக்கும் அதையொட்டிய நஷ்டங்களுக்கும் 20 கோடி. நிலத்துக்கு லட்சக் கணக்கு, நிலமில்லாத ஆளுக்கு முழுக் கோடிக் கணக்கு! குழுவைக் குறை சொல்வதற்கில்லை. வீடு வீடாகக் கோரிக்கை கேட்டு, சாட்சியம் எடைபோட்டு, தொகை விதிப்பது தீர்ப்பாயத்தின் வேலை. அதற்குத்தான் 2011 பிப்ரவரியில் சட்டமன்றம் தனித் தீர்ப்பாய மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றியது.

மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் போய், 2015இல் ஒப்புதல் மறுக்கப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறதே என்பது எதிர்வாதங்களில் ஒன்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே இழப்பீடு கேட்க ஐந்தாண்டுதான் கெடு. தகுந்த காரணம் காட்டினால் கூடுதலாக 60 நாள். ஆலை நின்ற நாளிலிருந்து எண்ணினாலும் 2009இலேயே ஐந்தாண்டு முடிந்துவிட்டது. பசுமைத் தீர்ப்பாயம் பிறந்ததோ 2010இல்!

மசோதாவை மீண்டும் கொண்டுவருவதானால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம். குறுக்கு விசாரணையில் நின்று பதில் சொல்வது வேறு காரியம். தமிழிலேயே சாட்சி சொல்லவும், தீர்ப்பின் நகலைத் தமிழில் பெறவும் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்க வேண்டும்.