கதையை எங்கே நிறுத்துவது?

டேவ் டிராவெக்கி தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய புத்தகங்களில் இரண்டை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். 1990இல் வந்தது ‘கம்பேக்’. 1992இல் மனைவி ஜேனுடன் சேர்ந்து வெளியிட்டது ‘வென் யூ கான்ட் கம் பேக்’. முதல் தலைப்பு திரும்பி வருவதைப் பற்றியது. அடுத்தது, வர முடியாமல் போவதைப் பற்றியது. நோயிலிருந்து மீளும் விளையாட்டு வீரர்களின் கதைகளை நாம் எப்படி வாசிக்கிறோம் என்று யோசிக்க இந்த இரண்டு அட்டைகளே போதும்.

பேஸ்பாலில் பந்து எறிபவரை பிட்சர் என்பார்கள். கிரிக்கெட் பௌலர் மாதிரி ஓடிவர முடியாது. நின்ற இடத்திலேயே உடம்பை முறுக்கி எறிய வேண்டும். அந்த விசை முழுக்கத் தோள் வழியாகத்தான் கைக்குப் போகும். டிராவெக்கி இடதுகைக்காரர், சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் பிட்சர். கட்டி வந்ததும் அதே இடது மேற்கையில். 1988 அக்டோபரில் அறுவை சிகிச்சை. தோள் தசையில் பாதியை எடுத்துவிட்டார்கள். புற்றுச் செல் மிஞ்சிவிடக் கூடாதென்று மேற்கை எலும்பின் ஒரு பகுதியை உறைய வைத்தார்கள். இனி எறிவதெல்லாம் நடக்காத காரியம் என்றார்கள் டாக்டர்கள்.

ஆனால் நடந்தது. 1989 ஜூலையில் சான் ஹோசே, ஃபீனிக்ஸ் அணிகளுக்காக மைனர் லீக்கில் எறிந்து பார்த்தார். ஆகஸ்ட் 10 அன்று மேஜர் லீக்குக்கே திரும்பினார். சின்சினாட்டி ரெட்ஸுக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ் எறிந்தார். அணி 4–3 என்று ஜெயித்தது. அரங்கமே எழுந்து நின்றது.

சினிமாவாக இருந்தால் இங்கேதான் முடியும். முடித்துத்தான் பழக்கம். 1952இல் வந்த ‘தி வின்னிங் டீம்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிட்சர் குரோவர் கிளீவ்லேண்ட் அலெக்சாண்டரின் கதை. ரொனால்ட் ரீகன் நடித்தது. அலெக்சாண்டருக்கு வலிப்பு நோய். படத்தில் அந்த நோயின் பெயரை யாரும் உச்சரிப்பதே இல்லை. 1926 உலகத் தொடரின் வெற்றியோடு திரை விழுந்துவிடும். அதற்குப் பின் 1950இல் சாகும்வரை அவர் குடியிலும் வறுமையிலும் கழித்த ஆண்டுகள் படத்துக்குத் தேவைப்படவில்லை. இதைப் பொய் என்று சொல்ல முடியாது. கத்தரி வைத்த இடம் அப்படி.

டிராவெக்கிக்கு அந்தக் கத்தரி ஐந்து நாள் கழித்து விழுந்தது. ஆகஸ்ட் 15, மான்ட்ரியல். ஆறாவது இன்னிங்ஸில் டிம் ரெயின்ஸுக்கு எறிந்தபோது மேற்கை எலும்பு முறிந்தது. மைதானத்திலேயே சுருண்டு விழுந்தார். பதிவேட்டைப் புரட்டினால் ஒன்று உறுத்தும்: ஜயன்ட்ஸ் அந்த ஆட்டத்தையும் ஜெயித்தது, வெற்றி டிராவெக்கி கணக்கில் எழுதப்பட்டது. அக்டோபரில் அணியின் கொண்டாட்டத்தில் அதே கை மறுபடி முறிந்தது. நவம்பரில் ஓய்வு அறிவித்தார். ஆக, ‘கம்பேக்’ கடைக்கு வந்தபோது அவர் ஆட்டத்தை விட்டே போயிருந்தார். 1991 ஜூனில் இடது கையையும் தோளையும் அகற்றினார்கள்.

சரி, இப்போது அவர் ஜெயித்தவரா, தோற்றவரா? இந்தக் கேள்வியே தப்பு என்பதுதான் என் வாதம். ‘புற்றுநோயுடன் போராடி வென்றார்’ என்று நாம் சாதாரணமாக எழுதிவிடுகிறோம். அப்படியென்றால் பிழைக்காதவர் சரியாகப் போராடலையா? சூசன் சொன்டாக் 1978லேயே ‘இல்னெஸ் அஸ் மெட்டஃபர்’ நூலில் இந்தப் போர் மொழியைக் கேள்வி கேட்டார். அவரே அப்போது மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர். அதை அந்த நூலில் சொல்லவில்லை.

நம்பிக்கை தரும் கதையே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். பாஸ்டன் ரெட் சாக்ஸின் ஜான் லெஸ்டருக்கு 2006இல் லிம்ஃபோமா. 2007இல் திரும்பி வந்து, அந்த ஆண்டு உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார். 2008இல் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடத் தராமல் ஒரு முழு ஆட்டத்தை எறிந்தார். கொண்டாட வேண்டிய விஷயம். ஆனால் லெஸ்டரையும் டிராவெக்கியையும் பிரித்தது மன உறுதியின் அளவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒருவருக்கு வந்தது கீமோதெரப்பிக்கு அடங்கிய நோய். இன்னொருவருக்கு, எறியும் கையிலேயே கட்டி. உறைந்த எலும்புக்கு மன உறுதி தெரியாது.

அதனால்தான் டிராவெக்கியின் இரண்டாவது தலைப்பை நான் பெரிதாக நினைக்கிறேன். கைதட்டல் ஓய்ந்த பிறகும் கதையை நிறுத்தாத தலைப்பு அது. கையை இழந்த பின் டிராவெக்கியும் ஜேனும் புற்றுநோயாளிகளுக்கும் கை கால் இழந்தவர்களுக்கும் துணையாக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த வேலைக்கு ஸ்கோர்போர்டு கிடையாது. யாரும் எழுந்து நிற்கவும் மாட்டார்கள். ஆகஸ்ட் 10 உண்மையில் நடந்த நாள், அதை யாரும் அழிக்க வேண்டியதில்லை. அடுத்த முறை ஒரு ‘மீண்டு வந்த’ கதையைப் படிக்கும்போது, எழுதியவர் எந்தத் தேதியில் நிறுத்தியிருக்கிறார் என்று மட்டும் பாருங்கள்.