உடைந்தது எது?

ஏமி டானின் ‘தாய்மொழி’ (1990) கட்டுரை, சீனாவிலிருந்து அமெரிக்கா வந்த தாயின் ஆங்கிலத்தைப் பற்றியது. ‘உடைந்த ஆங்கிலம்’ என்பர் பிறர். பங்குச்சந்தைச் செய்திகளைச் சிரமமின்றி வாசித்த தாய்தான் அவர். எனினும் 15 வயது மகளே தொலைபேசியில் தாயாக நடித்துப் பேசவேண்டியிருந்தது. ஸ்கேன் படத்தைத் தொலைத்த வைத்தியசாலை மன்னிப்புக் கேட்டதும் மகள் பேசிய பின்னரே.

பேச்சுக் குறையானால் சிந்தனையும் குறையே எனத் தானும் நம்பி வெட்கியதை டான் மறைக்கவில்லை. கட்டுரையின் பலம் இதுவே. ஆங்கிலப் பரீட்சையில் பின்தங்கியதற்கு வீட்டுமொழியைக் காரணங்காட்டும் பகுதி, ஆசிரியனான எனக்குத் தளர்வாகவே படுகிறது. வினாத்தாளின் பங்கை இன்னும் அழுத்தியிருக்கலாம். ஆனால் ‘ஜோய் லக் கிளப்’ (1989) கதைகளைத் தாயையே வாசகியாக மனதிலிருத்தி எழுதியதாகச் சொல்லுமிடத்தில், வெட்கப்பட்ட அதே மொழி அவரது நடையாகிவிடுகிறது.