பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டாத பிளாப்பி

மூன்று வாரமாக என் மேசையில் ஒரு யூ.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் கிடக்கிறது. சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. பெயர் தெரியாத தயாரிப்பு. 3.5 அங்குலம், 1.44 எம்.பி. என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் டி.டி.பி. கடை நடத்தியபோது சேர்ந்த 40 பிளாப்பிகளைப் பரணிலிருந்து இறக்கினேன். அவற்றுக்காகத்தான் இதை வாங்கினேன்.

இருபத்துமூன்று திறந்தன. மீதிப் பதினேழைப் போட்டால் டிரைவ் கடகடவென்று தலையில் முட்டிக்கொள்கிறது. பிறகு கணினி, “ஃபார்மேட் செய்யட்டுமா?” என்று கேட்கிறது. சாவி சேரவில்லை என்றதும் வீட்டை இடிக்கட்டுமா என்று கேட்கிற ஆளை என்ன செய்வது? தினமும் பத்துத் தடவை ‘வேண்டாம்’ என்று அழுத்தியே என் விரல் தேய்ந்தது.

இந்த நோய் எனக்குப் பழக்கமானதுதான். அன்று கலர் வேலை என்றால் பிளாப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் அச்சகத்துக்குப் பஸ் ஏறுவேன். பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அங்கே அண்ணாச்சி பிளாப்பியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுல ஒண்ணுமே இல்லையே” என்பார். திரும்பி வந்து என் கம்ப்யூட்டரில் போட்டால் கல்யாணப் பத்திரிகை கலையாமல் இருக்கும்.

கோளாறு பிளாப்பியில் இல்லை. பக்கத்துக்கு 80 தடம். தடத்துக்குத் தடம் 0.2 மில்லிமீட்டர்கூட இடைவெளி கிடையாது. என் டிரைவின் ஹெட் ஒரு மயிரிழை விலகியிருந்தது. அது கோணலாக எழுதும். தன் கோணலைத் தானே சரியாகப் படிக்கும். நேராக இருக்கிற ஹெட்டுக்கு அது வெறும் இரைச்சல். கடைசியில் டிரைவையே கழற்றி, ஸ்க்ரூடிரைவரோடு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப்போக ஆரம்பித்தேன்.

5.25 அங்குலத்தில் கூத்து இன்னும் அதிகம். 360 கே.பி. டிரைவுக்கு 40 தடம், 1.2 எம்.பி. டிரைவுக்கு 80. பெரிய டிரைவ் சின்ன பிளாப்பியில் பாதி அகலத்துக்கே மேலெழுதும். ஓரத்தில் பழைய எழுத்து மிஞ்சும். சின்ன டிரைவ் இரண்டையும் சேர்த்துப் படித்துத் திணறும்.

திறந்த 23-இலும் தமிழ் தெரியவில்லை. ‘தமிழ்’ என்று பாமினி எழுத்துருவில் அடித்தது ஆங்கில ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளியாக வருகிறது. சென்னை தமிழ்நெட் மாநாடு 1999-இல் டாம், டாப் குறியீடுகளை வகுப்பதற்கு முன்பு ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு கணக்கு. ஆனால் எழுத்துரு மாற்றிகள் இன்று இதை நொடியில் யூனிகோடாக்கிவிடுகின்றன.

கோணலுக்குத்தான் மாற்றி இல்லை. படிக்காத பதினேழின் லேபிளையும் பார்த்தேன்: எல்லாம் என் முதல் கம்ப்யூட்டரில் எழுதியவை. பிளாப்பியைப் பரணில் பத்திரப்படுத்திய நான், அவற்றைப் படிக்கத் தெரிந்த ஒரே டிரைவை எடைக்குப் போட்டுவிட்டேன்.

தீர்ப்பு: 3.5 அங்குல பிளாப்பி வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். பெரிய பிளாப்பிக்கு இது உதவாது. உள்ளே செருகும் முன் மூலையிலுள்ள தாழைத் தள்ளி, ஓட்டை தெரியும்படி வையுங்கள். தவறி ‘ஃபார்மேட்’டை அழுத்தினாலும் அழியாது. பழைய டிரைவ் இருந்தால் அதை மட்டும் எடைக்குப் போடாதீர்கள்.