கேட்டால் போதுமா? சம்மர்ஹில் பள்ளியை முன்வைத்து

2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் லண்டனில் ஒரு நீதிமன்ற அறைக்குள் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் போட்டார்கள். இங்கிலாந்தின் லெய்ஸ்டன் என்ற சிற்றூரில் இருக்கும் சம்மர்ஹில் பள்ளியின் மாணவர்கள் அவர்கள். அங்கே வகுப்புக்கு வருவது கட்டாயமில்லை. 1999இல் ஆய்வு நடத்திய அரசு அதைப் பெருங்குறையாகக் கண்டு நடவடிக்கை எடுத்தது. வழக்கு விசாரணையின் நடுவிலேயே சமரசம் பிறந்தபோது, அதை ஏற்கலாமா என்று மாணவர்கள் அங்கேயே விவாதித்து முடிவு சொன்னார்கள். அப்பள்ளியை மதிப்பிடும்போது மாணவர்களின் கருத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது அந்த உடன்பாட்டின் அம்சங்களில் ஒன்று.

மாணவர் குரலுக்குச் செவிசாய்க்க வேண்டும் என்று இன்று எல்லோரும் சொல்கிறோம். 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. 1992இல் இந்தியாவும் அதில் இணைந்தது. ஆனால் ஸ்காட்லாந்துக்காரரான ஏ.எஸ். நீல் 1921இல் தொடங்கிய இந்தப் பள்ளிபோல, அதை நீண்ட காலம் முழுமூச்சாகச் செய்து பார்த்த இடங்கள் குறைவு. ஆகவே அதன் நிறைகுறைகளிலிருந்து நாம் கற்க நிறைய இருக்கிறது.

அங்கே பள்ளிப் பொதுக்கூட்டம்தான் மையம். ஏழு வயதுப் பிள்ளைக்கும் ஒரு வாக்கு, நீலுக்கும் ஒரு வாக்கு. தூங்கும் நேரம், சத்தம், பிறர் பொருளை எடுத்தல், சிறியவர்களைப் பெரியவர்கள் சீண்டுதல் எல்லாம் அங்கே பேசப்பட்டன. நீல் கொண்டுவந்த தீர்மானங்களே தோற்றதுண்டு. முறையிட்டால் நாலு பேர் முன்னிலையில் விசாரிப்பார்கள், முடிவும் கிடைக்கும் என்ற நம்பிக்கை பிள்ளைகளின் அச்சத்தைக் குறைத்தது. 1949இல் பள்ளியைப் பார்வையிட்ட அரசு ஆய்வாளர்கள் பிள்ளைகளின் உற்சாகத்தையும் பழகும் பண்பையும் மனமாரப் பாராட்டினார்கள்.

இன்னொரு சிறப்பை நாம் கவனிப்பதில்லை. எல்லாவற்றையும் நீல் வாக்கெடுப்புக்கு விடவில்லை. ஆசிரியர்களை நியமிப்பது அவர் பொறுப்பு. சாப்பாடும் படுக்கையறை ஏற்பாடும் அவர் மனைவியின் பொறுப்பு. உடல் பாதுகாப்பு விதிகளும் பெரியவர்கள் கையில்தான். எது தங்கள் கையில், எது இல்லை என்பது பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் கூட்டம் வெறும் சடங்காகிவிடவில்லை.

குறைகளையும் 1949இல் வந்த அதே ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. இளைய வகுப்புகளில் கற்பித்தல் பலவீனமாக இருந்தது; பாடம் தேர்ந்தெடுப்பதில் வழிகாட்டுதல் போதவில்லை; தனித்திருந்து படிக்க இடமில்லை. என் பார்வையில் சிக்கலின் வேர் இதுதான்: சேர்ந்து வாழ்வதைப் பற்றிப் பிள்ளைக்கு நேரடி அனுபவம் இருக்கிறது. தன்னை யார் அடித்தார்கள் என்று சொல்ல அதற்கு யார் உதவியும் வேண்டாம். இயற்கணிதம் நாளை தனக்கு எதற்குப் பயன்படும் என்று பத்து வயதில் அது எப்படி அறியும்? படிப்பு விஷயத்தில் “வருகிறாயா?” என்று மட்டும் கேட்டால், அது சுதந்திரம் போலத் தோன்றினாலும் பெரியவர்கள் தம் பொறுப்பிலிருந்து விலகுவதாகவே முடியும். “எந்த இடத்தில் புரியாமல் போனது?” என்று கேட்டால், கற்பித்தலே மாறும்.

பொதுக்கூட்டத்துக்கும் எல்லை உண்டு. வாய்ப்பேச்சில் வல்லவர் அங்கே வெல்வார், கூச்சமுள்ளவர் ஒதுங்குவார். பாலியல் சீண்டல் போன்ற துயரத்தைச் சபையில் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்ட ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டி அதற்குத்தான் தேவை. ஆனால் பெட்டிக்குள் போட்ட சீட்டு என்ன ஆயிற்று என்று பிள்ளைக்குத் தெரியாவிட்டால், அடுத்த முறை அது எழுதாது. மேலும், நூறு பேருக்கும் குறைவான, கட்டணம் வாங்கும் உறைவிடப் பள்ளியின் முறையை, பிரிவுக்கு ஐம்பது பேர் அமரும் நம் பள்ளிகளில் அப்படியே நட்டுவைக்கவும் முடியாது.

ஆனால் வகுப்பு அளவில் முடியும். வாரம் ஒரு பாடவேளை வட்டமாக உட்கார்ந்து பேசலாம். கழிப்பறை, குடிநீர், வீட்டுப்பாடச் சுமை, புரியாத பாடம் என்று எதைப் பேசலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடுத்த வாரம் ஆசிரியர் முதலில் செய்ய வேண்டியது பதில் சொல்வது: எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன். மறுப்புக்கும் காரணம் கேட்டுப் பழகிய பிள்ளை அடுத்த முறையும் பேசும். பதில் தர மனமில்லாத பள்ளி, கருத்துக் கேட்காமல் இருப்பதே நேர்மை.