அடுப்புக்கு மெக்கானிக் யார்?

சென்னையில் படித்த ஜோ மடியத் 1979-ல் ஒடிசாவில் தொடங்கிய தொண்டு நிறுவனம் கிராம் விகாஸ். அது கட்டிக்கொடுத்த புகைபோக்கி வைத்த மண் அடுப்புகளை எஸ்தர் டஃப்லோ, கிரீன்ஸ்டோன், ஹன்னா ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் நாலு வருஷம் கவனித்தார்கள். 2012-ல் அறிக்கை வந்தது. முதல் வருஷம் சமைப்பவர் இழுக்கும் புகை குறைந்தது. பிறகு பலன் இல்லை. பராமரிப்பு சரியில்லை, பயன்பாடும் குறைந்துபோச்சு.

கணக்கு நேர்மையானது. ஆனா தலைப்பிலேயே ‘குடும்பங்களின் நடத்தை’ என்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. எங்க காசிமேட்டில் விசைப்படகு ஓடுவது ஓட்டுபவரின் ஒழுக்கத்தால் மட்டுமா? கூப்பிடு தூரத்தில் மெக்கானிக் இருக்கார். விரிசல் விட்ட அடுப்பைப் பூச, கரி அடைத்த புகைபோக்கியைச் சுத்தம் பண்ண, அந்தப் பெண்கள் யாரைக் கூப்பிடுவாங்க? கொடுத்த அடுப்பை எண்ணாதீங்க. அஞ்சாவது வருஷம் எரிவதை எண்ணுங்க.