ஆபரேட்டர் என்னும் தன்னிலை

ஆலை விபத்துகளில் விசாரணை முடியும் முன்பே ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது: 'மனிதத் தவறு'. அந்த மனிதன் யாரென்று கேட்க வேண்டியதில்லை. அன்றைய ஷிப்டில் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தவன்தான்.

இந்தத் தவறை முன்கூட்டியே கணக்கிடும் ஓர் அறிவுத்துறை உண்டு. 1979 மார்ச் 28இல் அமெரிக்காவின் மூன்று மைல் தீவு அணு உலையில் நடந்த விபத்து அதற்கு வேகம் தந்தது. அங்கே பலகையில் விளக்கு அணைந்ததால் வால்வு மூடிவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். விளக்கு காட்டியதோ மூடும் கட்டளை போனதை மட்டும்; வால்வு திறந்தே கிடந்தது. 1983இல் ஸ்வெயினும் குட்மனும் வெளியிட்ட கையேடு ஆபரேட்டரின் வேலையைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் பிழையின் நிகழ்தகவைக் கொடுத்தது. 1987இல் வுட்ஸ், ராத் குழுவினர் ஆபரேட்டரின் யோசனையையே கணிப்பொறியில் ஓட்டிப் பார்த்தனர்: இன்ன அறிகுறிகள் வந்தால் எதைச் சந்தேகிப்பார், எதைத் தவறவிடுவார்?

இந்தச் சிமுலேஷனைக் கேலி செய்து ஒதுக்க மாட்டேன். 'ஆள் சரியில்லை' என்ற பேச்சை 'பலகை சரியில்லை' என்று அது மாற்ற முடியும். ஆனால் எந்த இடத்தில் அது வாய்மூடுகிறது?

போபாலை எடுத்துக்கொள்வோம். 1984 டிசம்பர் 2 இரவு, 610ஆம் தொட்டியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டிலிருந்து 10 ஆகிறது. 25 வரை இயல்பு என்பது அங்கே வழக்கம். மானிகளை நம்ப முடியாது என்பதும் அனுபவம். ஆபரேட்டர் பதறவில்லை. இந்தத் தகவல்களைக் கணிப்பொறிக்குக் கொடுத்தால் 'பதறமாட்டார்' என்றுதான் அதுவும் சொல்லும். கணிப்பு சரி.

ஆனால் ஜூனிலேயே தொட்டியின் குளிர்பதனத்தை நிறுத்தியது யார்? அந்தப் பிரிவில் 12 பேர் பார்த்த வேலையை 6 பேருக்கு ஆக்கியது யார்? மாதிரியில் 'ஆள்பற்றாக்குறை', 'களைப்பு' எல்லாம் காரணிகளாக உண்டு; மழை, வெயில் மாதிரி. 'குறைக்கப்பட்டது' என்ற செயப்பாட்டு வினை உண்டு, குறைத்தவன் இல்லை. பிழைக்கு ஒரு தன்னிலை, லாபத்துக்குத் தன்னிலையே கிடையாது. இந்தச் சொல்லாடலின் அரசியல் இதுதான்.

கண்ட்ரோல் ரூமுக்கு வெளியே நிற்பவர்களும் இதில் அடங்குவதில்லை. இதை நான் எழுதும் கே.கே. நகருக்குப் பக்கத்துத் திருவெறும்பூரில் கொதிகலன்தான் பலருக்குச் சோறு. 2020 ஜூலை 1இல் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்து அன்றைக்கே 6 பேர் செத்தார்கள். எண்ணிக்கை பிறகு கூடியது. செத்தவர்கள் கொதிகலனருகே நின்ற தொழிலாளிகள். பலர் ஒப்பந்தத் தொழிலாளிகள். பலகைக்கு முன்னால் உட்கார்ந்தவனின் மூளையை மட்டும் வரையும் மாதிரியில் இவர்களுக்கு என்ன இடம்?

சிமுலேஷன் வேண்டாமென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டச் சொல்லுவோம். விபத்துக்கு அப்புறம் இல்லை, ஆட்குறைப்புக்கு முன்னால். 12 பேரோடு ஒரு தரம், 6 பேரோடு ஒரு தரம். வர்ற எண்ணைத் தொழிற்சங்கத்தின் மேஜையில வைக்கட்டும். கையெழுத்துப் போடுறவன் பெயரும் அதுல இருக்கட்டும்.